குளோராக்ஸ் ஊற்றினால் சுத்தமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு முழுக்க ஒரே வாடை. முறுக்கு வாடை அப்புறம்தான் வரும். முதலில் வருவது குளோராக்ஸ். எந்தக் கம்பெனி பிளீச்சாக இருந்தாலும் நம் வாயில் அது குளோராக்ஸ்தான். மூக்கில் ஏறினால்தான் வீடு சுத்தம் என்று அம்மா நம்பினார், நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் பிளீச் அங்கே இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த வாடை சாட்சி. அது வேலை செய்ததா என்பது வேறு கதை.

சுத்தம் என்ற ஒரே சொல்லில் நாம் நாலு வேலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவுவது முதல் வேலை. இதில் கிருமி பெரும்பாலும் சாகாது, அழுக்கோடு சேர்ந்து ஓடிவிடும். வெட்டுப் பலகை போன்றவற்றில் மிச்சம் இருக்கும் கிருமியை ஆபத்தில்லாத அளவுக்குக் குறைப்பது இரண்டாவது. கிருமிநாசினி போட்டுக் கொல்வது மூன்றாவது. நாலாவது, எளிதில் சாகாத கிருமி வித்துகளைக்கூட விடாமல் அழிப்பது. அது ஆஸ்பத்திரி வேலை. அழுத்த நீராவியில் 121 டிகிரி சூட்டில் 15 நிமிடமாவது வைப்பார்கள். கைக்குழந்தையின் பால் போத்தலை 5 நிமிடம் கொதிக்க வைப்பதையும் நாம் 'ஸ்டெரிலைஸ்' என்கிறோம். கறாராகப் பார்த்தால் அது அந்த நாலாவது படி இல்லை, ஆனால் போத்தலுக்கு அது போதும். போத்தலைக் கழுவிவிட்டுத்தான் கொதிக்க வைக்க வேண்டும்.

பெரும்பாலும் நாம் சறுக்குவது முதல் வேலையைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடும்போதுதான். கோழி வெட்டிய பலகையில் ரத்தமும் கொழுப்பும் அப்படியே இருக்க, மேலே பிளீச்சைத் தெளிப்போம். பிளீச்சில் இருக்கும் குளோரின் ஆளைப் பார்த்து வேலை செய்யாது. முதலில் அந்த ரத்தத்தோடும் கொழுப்போடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கிருமிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பலகைக்குத்தான் பிளீச் தண்ணீர். கோழியைக் குழாயடியில் பிடித்து அலசுவதும் வேண்டாம் என்கிறார்கள், தெறிக்கும் நீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும் என்று. இதை நான் வீட்டில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சரி, அலசியே தீருவோம் என்றால் சிங்கையும் சுற்றியிருக்கும் இடத்தையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது அளவும் நேரமும். என் மாமா தோட்டத்தில் வருஷக்கணக்கில் மருந்தடித்தவர். பம்புக்கு இத்தனை மூடி என்று வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொன்னால் அதற்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டார். மருந்தடித்த கையோடு மழை கொட்டினால் புல் சாகாது என்பதும் அவருக்கு அத்துப்படி. அதே மாமா வீட்டில் வாளிக்குள் பிளீச்சைக் கண்ணளவில் கவிழ்ப்பார், தரையில் ஊற்றிய மறுநொடி துடைத்தும் விடுவார். புல்லுக்குத் தெரிந்த நியாயம் கிருமிக்கும் உண்டு அல்லவா?

கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச்சின் வீரியம் பெரும்பாலும் 5 முதல் 6 சதவீதம். போத்தலில் அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் குழாய்க் கைப்பிடி, கழிப்பறை போன்ற இடங்களுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி, அதாவது நாலு தேக்கரண்டி. அந்த இடம் குறைந்தது 1 நிமிடமாவது ஈரமாகவே இருக்க வேண்டும். வெட்டுப் பலகைக்கு 1 லிட்டருக்கு 4 மில்லி போதும். ஓரிரு நிமிடம் விட்டு, தானாகக் காயட்டும். பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், சுடுதண்ணீரில் அதன் வீரியம் போய்விடும். கலந்த தண்ணீர் ஒரு நாளைக்குத்தான். நேற்றையதை இன்று ஊற்றினால் வாடை மட்டும்தான் மிச்சம்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. கழிப்பறைக் கறை போகவில்லை என்று ஒருமுறை ஆசிட் கிளீனர் ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சையும் ஊற்றினேன். இரண்டும் சேர்ந்தால் இன்னும் பலம் என்ற கணக்கு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கண் எரிந்து, இருமல் பிடித்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் அமிலம்தான். அம்மோனியா உள்ள கிளீனரோடு கலந்தாலும் நச்சு வாயுதான். தேங்கிய சிறுநீரிலும் அம்மோனியா உண்டு என்பதால் முதலில் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டுத்தான் பிளீச். சன்னல் திறந்திருக்கட்டும்.

எல்லாக் கிருமியும் எல்லா மருந்துக்கும் மசியாது. 1997இல் சரவாக்கைப் பதற வைத்த கை, கால், வாய்ப்புண் நோய் இன்றும் பாலர் பள்ளிகளில் வந்துபோகிறது. அந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் அதனிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 வினாடி கை கழுவுவதே மேல். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோப்பில் கழுவி, பிளீச் தண்ணீர் காட்டி, மறுபடி நல்ல தண்ணீரில் அலச வேண்டும், வாயில் வைப்பார்களே.

செம்பனைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் எலிக்குப் பஞ்சமில்லை. எலிக்காய்ச்சல் வந்தால் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2010இல் ஆக்கினார்கள். ஸ்டோர் மூலையில் எலிப்புழுக்கையைப் பார்த்ததும் நம் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். கூட்டாதீர்கள், தூசியாகக் கிளம்பும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் விட்டு, பழைய பேப்பரால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

மற்றபடி வரவேற்பறைத் தரைக்குத் தினமும் கிருமிநாசினி தேவையில்லை. சோப்புத் தண்ணீர் போதும். வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால் அது வேறு, அப்போது கழிப்பறையும் கைப்பிடிகளும் மூன்றாவது வேலையைக் கேட்கும். கழிப்பறைத் துணி அடுப்படிக்கு வரக்கூடாது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதை நான் விடமாட்டேன், அது மனசுக்கு. கிருமிக் கணக்கில் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை.

மிச்சப் பிளீச்சை மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும், வெயிலில் திரும்பிவந்த பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். மாமாவிடம் சொன்னபோது, களைக்கொல்லியை அப்படி வைத்தால் தண்டல் திட்டுவாரே என்று அவரே சொல்லிவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.