மஞ்சள் முக்கோணம் வந்தால் அந்த இரண்டு எண்ணைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகன் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, விண்டோஸைப் புதிதாகப் போட்டான். வைஃபை வரவில்லை. கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் கண்ட்ரோலர்’ என்ற பெயரும் ஒரு மஞ்சள் முக்கோணமும்தான். இந்த நேரத்தில் கண்ட தளங்களில் டிரைவர் (சாதனத்தை இயக்க உதவும் மென்பொருள்) தேடி இறக்காதீர்கள்.

அந்தப் பெயரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அப்புறம் டீடெய்ல்ஸ், அதில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’. அவனுக்கு 8086, 2723 என்று வந்தது. முதல் எண் நிறுவனம், அதாவது இன்டெல். இரண்டாவது மாடல், ஏஎக்ஸ்200 வைஃபை அட்டை. போனின் இணையத்தைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, இன்டெல் தளத்திலேயே டிரைவரை இறக்கினோம்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் இந்த எண்களை வைத்துத்தான் டிரைவரைப் பொருத்துகிறது. வைஃபை அட்டை போன்ற சாதனங்கள் இணையும் பாதையான பிசிஐ பஸ்ஸில் இடம் இடமாகப் படித்துப் பார்க்கும். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் அங்கே ஆளில்லை, அதாவது சாதனம் இல்லை. ஆள் இருந்தால், அதனுடன் பேச எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்று கேட்கும் விதம் அழகு: சாதனத்தின் முகவரிப் பதிவேட்டில் முழுக்க 1 எழுதித் திரும்பப் படிக்கும். 0 ஆகவே நிற்கும் பிட்கள் அளவைச் சொல்லிவிடும். அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி, தொடக்க முகவரியை அதிலேயே எழுதிவைக்கும்.

அதே பிராப்பர்ட்டீஸின் ஜெனரல் பக்கத்தில் கோட் 28 என்றால் டிரைவர் இல்லை. கோட் 12 என்றால் சாதனத்துக்கு ஒதுக்க முகவரி இடம் போன்ற வளங்கள் போதவில்லை. வேறொரு சாதனத்தை முடக்கிப் பாருங்கள். லினக்ஸில் இருப்பவர்களுக்கு ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ (lspci -nnk) என்ற கட்டளை போதும், எண்ணும் டிரைவர் பெயரும் சேர்ந்தே வரும்.