சத்தம் கூட்டினால் அணைந்துபோகும் கார் ஸ்டீரியோ: எர்த் வயரைச் சோதிக்கும் முறை

குறைந்த சத்தத்தில் ஸ்டீரியோ ஒழுங்காகப் பாடுகிறது. கொஞ்சம் கூட்டினால், அதுவும் தவில் அடி விழும் இடத்தில், திரை அணைந்து மறுபடி எரிகிறது. என் பழைய காரில் இருந்த கோளாறு இதுதான். தர்மபுரியில் ஒரு கடையில் காட்டியபோது, “செட் போய்விட்டது, புதிது போட்டுவிடலாம்” என்றார்கள். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பின்னால் இருந்த கறுப்பு வயர், அதாவது மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயர்தான் பழுது. அந்த செட் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. புதிது வாங்கக் காசு எடுக்கும் முன் கீழே உள்ளதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், வளைய டெர்மினல், அதை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் பிளையர். மல்டிமீட்டர் 300, 400 ரூபாய்க்கே கிடைக்கிறது. இந்த வேலைக்கு அது போதும். டெஸ்ட் விளக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 11 வோல்ட்டுக்கும் 12.5 வோல்ட்டுக்கும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரியும். நாம் தேடும் பழுது அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது.

முதல் வேலை: செட்டை வெளியே இழுங்கள்

டேஷ்போர்டு சட்டத்தைக் கழற்றுவது காருக்குக் கார் மாறும். கிளிப் உடையாமல் பொறுமையாக எடுங்கள். மஞ்சள் உறை போட்ட வயர்களோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேக்குக்கு உரியவை.

வெளியில் வாங்கிப் பொருத்திய செட்டுகளில் பெரும்பாலும் செட்டிலிருந்தே வரும் மஞ்சள் வயரில் (இது ஏர்பேக் வயர் அல்ல) எப்போதும் 12 வோல்ட் இருக்கும். சிவப்பு வயரில் சாவி திருப்பினால்தான் மின்சாரம் வரும். கறுப்பு, எர்த். சாவியை எடுத்தவுடன் நிலையங்களின் நினைவு அழிந்துபோகிறதென்றால் மஞ்சளுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. செட்டே எரியவில்லையென்றால் அதன் முதுகில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். அதே அளவுதான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் வயர் தீப்பிடிக்கும்.

பலரும் ஏமாறும் இடம்

மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். “மின்சாரம் சரியாக வருகிறது, அப்படியானால் செட்தான் பழுது” என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். செட் சும்மா இருக்கும்போது எடுத்த அளவு அது. மின்னோட்டம் ஓடாதபோது, அரைகுறையாய்த் தொட்டுக்கொண்டிருக்கும் வயர்கூட முழு வோல்ட்டைக் காட்டும்.

கணக்கைப் பாருங்கள். எர்த் இணைப்பில் வெறும் 0.3 ஓம் தடை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். செட் 1 ஆம்பியர் இழுக்கும்போது இழப்பு 0.3 வோல்ட், யாருக்கும் தெரியாது. சத்தத்தைக் கூட்டி 6 ஆம்பியர் இழுக்கும்போது இழப்பு 1.8 வோல்ட். பேட்டரி 12 வோல்ட் கொடுத்தாலும் செட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 தான். அடி விழும் கணத்தில் அது இன்னும் இறங்கும், செட் அணைந்துவிடும்.

எனவே பாட்டு ஓடும்போதே சோதியுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்டீரியோவின் கறுப்பு வயரிலும், மற்றொன்றை நீளமான வயர் ஒன்றைச் சேர்த்து பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். சத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. என் காரில் அடி விழும்போதெல்லாம் எண் 1 வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. செட் வெளியே இழுத்த நிலையில், அதன் உடல் காரின் இரும்பில் எங்கும் படாதபடி வைத்துக்கொண்டு, ஓடும்போதே ஆன்டெனா கேபிளை உருவுங்கள். செட் அணைந்துவிட்டால் கறுப்பு வயர் வேலையே செய்யவில்லை என்று பொருள். அதுவரை ஆன்டெனா கேபிளின் மேலுறை வழியாக எர்த் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரிசெய்வது

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சில செட்டுகள் அதன்பின் ரகசிய எண் கேட்கும்; அந்த அட்டையை முன்பே தேடி எடுத்துவிடுங்கள். என் காரில் கறுப்பு வயரைப் பெயின்ட் அடித்த தகட்டில் திருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்து, திருகுக்கடியில் துரு பிடித்திருந்தது. வயர் நுனியை வெட்டி, புது டெர்மினல் நசுக்கி, தகட்டைப் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பல்வைத்த வாஷருடன் முறுக்கினேன். டேப்பை நான் இப்போது தொடுவதே இல்லை. சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ் தான் நிற்கும்.

பின்சேர்க்கை 1: செட் எரியவே இல்லை, பாட்டு ஓடவிட்டு எப்படிச் சோதிப்பது என்று ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே எரியவிட்டு, அதே இடத்தில் மீட்டரையும் வையுங்கள். பல்பு எரியும்போது வோல்ட் சட்டென்று இறங்கினால் வயரில்தான் கோளாறு.

பின்சேர்க்கை 2: வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயரையும் எர்த் என்று நினைத்து பாடியோடு இணைத்துவிட்டதாக இன்னொருவர் எழுதினார். அது ஸ்பீக்கரின் நெகட்டிவ். இன்றைய செட்டுகளில் அதை பாடியில் தொடவே விடக் கூடாது. உள்ளே உள்ள ஆம்ப்ளிஃபையர் கருகிவிடலாம். ஒரு கதவு மட்டும் ஊமையாக இருந்தால், கதவுக் கீலருகே உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை 3: தொப்பூர் கணவாயில் வானொலி கரகரக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: மலை மறைக்கிறது, செட்டைக் குறை சொல்லாதீர்கள். தர்மபுரி நகருக்குள்ளேயே பண்பலை 102.5 தெளிவாகக் கேட்கவில்லையென்றால் மட்டும் ஆன்டெனா செருகியை அழுத்திப் பாருங்கள்.