செனெக்கா என்றதும் ரோமுக்குப் போகாதீர்கள்

அமெரிக்காவின் செனெக்கா மக்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் சில பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். முதல் பிழை பெயரில். 'செனெக்கா' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் நீரோ மன்னனின் ஆசானாக இருந்த ரோமானியத் தத்துவஞானி. அவருக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெக்கா மக்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டச்சுக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர், ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அவர்களுக்குப் பழகிய ரோமப் பெயரின் எழுத்துக்கூட்டலுக்குள் அடங்கிவிட்டது. அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'ஒனொந்தொவாகா' என்று. பெருங்குன்றின் மக்கள் என்று பொருள்.

'ஈரோகுவா பழங்குடி' என்று ஒரே இனமாக எழுதுவது அடுத்த பிழை. அது செனெக்கர்களும் சேர்ந்த பூர்வகுடி நாடுகளின் கூட்டமைப்பு. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என ஐந்து நாடுகள். 18-ஆம் நூற்றாண்டில் டஸ்கரோராவும் சேர்ந்து ஆறானது. இவர்களில் மேற்குக் கோடியில் இருந்ததால் செனெக்கர்கள் 'மேற்கு வாசல் காவலர்'. கூட்டமைப்பையே ஒரு நீண்ட வீடாகப் பார்ப்பவர்கள் அவர்கள். அப்படியிருக்க, கட்டுரைக்குக் கூம்புக் கூடாரப் படம் போடுவது அபத்தம். அது வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளி மக்களுடையது. செனெக்கர்கள் மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடுகளில் பல குடும்பங்களாக வாழ்ந்தவர்கள். குலம் தாய்வழியில் வரும்.

மொழியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். செனெக்கா எழுத்தில் ë, ö என்று மேலே இரு புள்ளிகளைக் கண்டதும் ஜெர்மன் உச்சரிப்பைக் கொண்டுவந்து விடுகிறார்கள். இங்கே அந்தப் புள்ளிகள் மூக்கொலிக்கான அடையாளம். நமக்கு இது பெரிய சிரமமே இல்லை. 'வந்தேன்', 'வந்தோம்' என்பவற்றைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசி மெய் கரைந்து உயிர் மூக்கில் ஒலிக்கிறதல்லவா, ஏறக்குறைய அதுதான். இன்னொரு வினோதம்: உதடு மூடிச் சொல்லும் ப, ம போன்ற ஒலிகள் அந்த மொழியில் கிட்டத்தட்ட இல்லை. 'அம்மா' என்று சொல்லவே வழியில்லாத மொழி!

இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அலெகெனி, கேட்டராகஸ் நிலங்களில் செனெக்கா நேஷன் 1848-இல் அரசியல் சாசனம் இயற்றித் தனி அரசாக இயங்குகிறது. டொனவாண்டா செனெக்கர்கள் அதில் சேராமல் பழைய தலைவர் முறையிலேயே நின்றார்கள். ஒக்லஹோமாவில் ஒரு பிரிவு உண்டு. அமெரிக்க அரசு 1794-இல் இவர்களோடு செய்த ஒப்பந்தத்தை மீறி, 1960-களில் கின்சுவா அணைக்காகச் சுமார் 10,000 ஏக்கர் செனெக்கா நிலம் பறிபோனது. நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கும் காலத்து விஷயம் இது.

அதே 1848-இல் பெண்ணுரிமை மாநாடு நடந்த செனெக்கா ஃபால்ஸ் ஓர் ஊர். சாசனத்தோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஹோமியோபதிக் கடையில் இருமலுக்குத் தரும் 'செனிகா' இவர்கள் பெயரால் வந்தது. இவர்கள் பாம்புக்கடிக்குப் பயன்படுத்திய வேர் அது. கேட்கும்போது வாய் தவறி 'சென்னா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது நம்ம நிலாவாரை, பேதி மருந்து.