ஏசி போட்டாலே ஃபியூஸ் போகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் நெருங்கும் வெயிலில் ரங்கூனில் எங்கள் தெருவில் தினமும் யாராவது ஒருவர் வீட்டில் ஃபியூஸ் போகும். போனதும் இன்னும் கொஞ்சம் தடித்த கம்பியாக எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். 0.5 மில்லிமீட்டர் ஃபியூஸ் கம்பி 15 ஆம்பியருக்கு உரியது, 0.85 என்றால் 30. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் பழைய கட்டடத்து வயர் 30 ஆம்பியரைத் தாங்காது. கம்பி உருகுவதற்குப் பதிலாகச் சுவருக்குள் யார் கண்ணிலும் படாத இடத்தில் வயர் உருகும், தீ அங்கிருந்துதான் கிளம்பும்.

மெக்கானிக்கிடம் "அடிக்கடி போகுது" என்று மட்டும் சொல்வதும் தவறுதான். எப்போது போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சுவிட்ச் போட்ட நொடியே போனால் ஷார்ட்: வயர் தோல் உரிந்திருக்கலாம், வெளி யூனிட் போர்டில் பல்லி செத்துக் கிடக்கலாம். இரண்டு மூன்று நிமிடம் காற்று வந்து, கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும்போது போனால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரையும் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிவிட்டுப் போனால் வெளி யூனிட்டில் அழுக்கு அடைத்திருக்கும், இல்லையென்றால் எங்காவது லூஸ்.

இந்த லூஸ் விஷயத்தை யாரும் கவனிப்பதே இல்லை. மேல்மாடி அக்கா வீட்டில் கெபாசிட்டர் மாற்றியும் ஃபியூஸ் போவது நிற்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறிக் கிடந்தது, அந்தப் பக்கத்து ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. தளர்ந்த இடம் சூடாகும், அந்தச் சூட்டிலேயே கம்பி தன் அளவுக்கு முன்பே உருகிவிடும்.

அப்புறம், கரண்ட் வந்ததும் ஓடிப்போய் ஏசியைப் போடுவது. இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் போட்டால் வோல்டேஜ் விழும். 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் கிளம்பும் வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும், சுற்ற முடியாமல் இழுத்துக்கொண்டே நிற்கும், ஃபியூஸ் போகும். ஐந்து நிமிடம் பொறுங்கள், உள்ளே கேஸ் அழுத்தமும் அதற்குள் சமமாகிவிடும். ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் ஏசியின் அளவுக்கு அது போதுமா என்றும் பாருங்கள்.

வெளி யூனிட்டை நீங்களே திறக்க வேண்டாம், மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். "கம்ப்ரசர் போச்சு, புதுசு போடணும்" என்று மெக்கானிக் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். மெகர் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்து கம்ப்ரசரின் காயிலுக்கும் பாடிக்கும் இடையே அளந்து காட்டச் சொல்லுங்கள். புதுக் கெபாசிட்டர் ஒன்று போட்டு ஓட்டிப் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.