தூங்கும் பிள்ளைக்கு அளவெடுக்காதீர்கள்: வீட்டில் குழந்தை உடை தைப்பவர்கள் செய்யும் தவறுகள்

என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நானே தைத்த கவுன் அவள் நெற்றியோடு நின்றுவிட்டது. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் கழற்ற முடியவில்லை. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் கத்தரியை எடுத்து, இரண்டு ராத்திரி கண்விழித்துத் தைத்த கழுத்தை நறுக்கித்தான் பிள்ளையை வெளியே எடுத்தோம். அன்றைக்கு அவள் போட்டுக்கொண்டது கடையில் வாங்கிய பழைய பனியன் சட்டை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பனியன் சட்டையைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் சாக் கோடு போட்டுத்தான் கவுனை வெட்டியிருந்தேன். பனியன் துணி இழுத்தால் விரியும். கவுனுக்கு எடுத்த பாப்ளின் துணி விரியாது. இது தெரியாமல் செய்த தவறுகூட இல்லை, யோசிக்காமல் செய்த தவறு. நறுக்கிய கவுனைத் தெருமுனைத் தையல்கார அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் நல்லாத்தான் இருக்கு கண்ணு. இதைத் தைக்கறப்ப புள்ள எங்க இருந்தா?" என்று கேட்டார்.

தூங்கிக்கொண்டிருந்தாள். வேறெப்போது தைக்க முடியும்? சின்னப் பிள்ளை வைத்திருக்கிற யாரும் பிள்ளை தூங்கும்போதுதான் மெஷினில் உட்கார்கிறோம். அளவையும் அப்போதே எடுத்துவிடுகிறோம், அசையாமல் இருக்கிறதே என்று. போட்டுக்கொள்ளப் போவதோ ஓடுகிற, குந்துகிற, சோறு தின்று வயிறு உப்பியிருக்கிற பிள்ளை. நான் செய்த தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்கின.

கழுத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 18 அங்குலம். இரண்டு வயதில் 19 வரை போகும். சட்டைக் கழுத்து பிள்ளையின் தோளில் அழகாக உட்கார வேண்டுமானால் சுமார் 12 அங்குலம்தான் வெட்ட முடியும். 12 அங்குலத்தில் 18 அங்குலத் தலை எப்படி நுழையும்? பின்பக்கம் 4 அங்குலத்துக்கு ஒரு திறப்பு விட்டால் அதன் இரண்டு ஓரமும் சேர்ந்து 8 அங்குலம் கூடும். மொத்தம் 20. நுழைந்துவிடும். சந்தேகம் இருந்தால் அளவு டேப்பை அந்த நீளத்துக்கு வளையமாகப் பிடித்து, பிள்ளை தலைவழியாக ஒருமுறை போட்டு எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கும் அது விளையாட்டு.

கழுத்து ஓரத்துக்கு வைக்கிற பட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. மிச்சத் துணியில் நேராக ஒரு பட்டி கிழித்து வைத்தால் வளைவில் படியாது. சுருங்கிச் சுருங்கி நிற்கும், பிள்ளையின் பிடரியில் உறுத்தும். துணியை மூலைக்கு மூலை மடித்து, குறுக்காக வெட்டிய கிராஸ் பீஸ்தான் வளைவோடு வளையும். துணி வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். வீணாகட்டும்.

துணியை நனைக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. புதுப் பருத்தி முதல் துவையலில் 100-க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும். பெரியவர்கள் சட்டையில் அது தெரியாமல் போகலாம். 20 அங்குல கவுனில் ஒரு அங்குலம் போனால் முழங்கால் தெரியும். ஈரோட்டில் ஜவுளிச் சந்தைக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு வெட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும், எனக்குத் தெரியும். ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு கத்தரியைத் தொடுங்கள். துணிக்கடைக் கஞ்சியும் போய்விடும், சாயம் போகிற துணியா என்பதும் தெரிந்துவிடும். சாயம் நிற்க உப்புப் போடச் சொல்வார்கள். நானும் போட்டிருக்கிறேன். போகிற சாயம் போகத்தான் செய்தது.

கைக்குழந்தைக்கு என்றால் புதுத்துணியே வேண்டாம் என்பேன். பல தடவை துவைத்துப் பூப்போல ஆன பழைய வேட்டியும் நூல் புடவையும் இருக்கும்போது எதற்கு? ஆனால் பழைய துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள். மடிப்பு விழுந்த இடங்கள் நைந்திருக்கும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி போதும். ஜீன்ஸ் தைத்த 18-ஐ அப்படியே விட்டுவிட்டு மல் துணியை ஓட்டினால் தையல் வழி நெடுக ஓட்டைதான் மிஞ்சும்.

சரி, கால்சட்டைக்கு வருவோம். இதில்தான் நான் அதிகம் துணி பாழாக்கினேன். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டிச் சேர்த்தால் மேஜைமேல் பார்க்க அழகாக இருக்கும். பிள்ளை குந்தி உட்கார்ந்து எறும்பைப் பார்க்கும்போது பின்பக்கம் சரிந்து பாதி முதுகு வெளியே தெரியும். பின்துண்டின் இடுப்பு ஓரம், முன்துண்டைவிட ஒரு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும். டயப்பர் கட்டும் வயதென்றால் இன்னும் அரை அங்குலம் சேருங்கள். கடைக் கால்சட்டை ஒன்றை மடித்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஐந்து கால்சட்டை கெட்ட பிறகுதான் எனக்கு மடித்துப் பார்க்கத் தோன்றியது.

இடுப்பு எலாஸ்டிக்கும் தூங்கும் பிள்ளையிடம் அளவெடுத்தால் ஏமாற்றும். படுத்திருக்கும்போது வயிறு தட்டையாகிவிடும். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது டேப்பைப் போடுங்கள். அந்த அளவைவிட ஒன்று, ஒன்றரை அங்குலம் குறைத்து எலாஸ்டிக் வெட்டினால் போதும். இறுக்கமாக இருந்தால்தான் நழுவாது என்று மூன்று அங்குலம் குறைப்பவர்கள் சாயங்காலம் பிள்ளையின் இடுப்பில் பதிந்திருக்கும் சிவப்புக் கோட்டை ஒருதடவை பாருங்கள். எலாஸ்டிக் நுழைக்கும் வாயை முழுசாகத் தைத்து மூடாமல் கை ஊசியால் லேசாக ஓட்டி வைத்தால், பிறகு தளர்த்தவோ மாற்றவோ பிரிக்க எளிது.

அடுத்தது பாதுகாப்பு. எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் கால் மெஷின். தைத்து முடித்ததும் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடுவேன். பெல்ட் இல்லாவிட்டால் பிள்ளை மிதித்தாலும் மேலே ஊசி ஆடாது. சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் விரலும் மாட்டாது. மோட்டார் வைத்த மெஷின் என்றால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பெடல் தரையில்தானே கிடக்கிறது, தவழும் பிள்ளைக்கு அதுதான் கைக்கு எட்டும் முதல் பொருள்.

குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது என் வழக்கம். 20 எடுத்தால் 20 திரும்ப வர வேண்டும். கை ஊசியை நூல் கோக்காமல் எங்கும் வைக்காதீர்கள். ஒரு முழ நூல் வால் இருந்தால் பாயில் விழுந்தாலும் கண்ணில் படும். மெஷின் ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கிடைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. விழுந்த ஊசியைத் தேடப் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த பெரிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். சின்னச் சின்னக் காந்தங்களை வீட்டில் வைக்காதீர்கள், இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெரிய ஆபத்தாகிவிடும்.

உடையிலும் இதே கவனம் வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முத்து, மணி, அலங்காரப் பட்டன் வேண்டாம். பிடுங்கி வாயில் போட ஒரு நிமிடம் ஆகாது. கட்டாயம் வேண்டுமென்றால் இரட்டை நூலில் தைத்து, நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். கைக்குழந்தையின் ஜப்லா சட்டைக்கு நாடா வைப்பவர்கள் முடிச்சுப் போடும் அளவுக்கு மட்டும் குட்டையாக வையுங்கள். கழுத்தைச் சுற்றித் தொங்கும் நீள நாடா ஊஞ்சல் கம்பியில், கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொள்ளும். ஐரோப்பியத் தரவிதிகளில் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டும் கயிறே கூடாது. தீபாவளிக்கு வலைத்துணி ஃபிராக் தைத்துத்தான் ஆவேன் என்றால், பட்டாசு வெடிக்கும் நேரத்துக்கு ஒரு பருத்திச் சட்டை எடுத்து வையுங்கள். நைலான் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் எப்போது செய்வது என்று கேட்பீர்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கத்தரியை எடுக்காதீர்கள், அதுதான் என் ஒரே விதி. தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிடலாம், தப்பாக வெட்டியதை ஒட்ட முடியாது. ஒரே பக்கத்துக்கு இரண்டு கை வெட்டி வைத்த ராத்திரிகள் எனக்கு உண்டு. வெட்டுவதைப் பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு துண்டுகளைக் குண்டூசி குத்தி ஒரு பையில் போட்டுவிட்டால், கிடைக்கிற இருபது இருபது நிமிடத்தில் நாலு நாளில் ஒரு சட்டை எழும்பிவிடும். முதலில் மெஷினில் நீளத் தையல் வைத்து ஓட்டி, பிள்ளை விழித்திருக்கும்போது மாட்டிப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள், குந்தச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் அதன்மேல் சின்னத் தையல்.

கடைசியாக, வளர்வதற்கு இடம் விடாத தவறு. அதற்காக இரண்டு வயது பெரிய அளவில் தைத்து, பிள்ளை தடுக்கி விழ வேண்டாம். நம் பாட்டிமார் பாவாடையில் டக் பிடித்தது, அதாவது துணியைச் சுற்றிலும் மடித்துத் தைத்து வைத்தது, இதற்குத்தான். மூன்று வயதுக்குமேல் பிள்ளை வருஷத்துக்கு 6, 7 சென்டிமீட்டர் வளரும். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கணக்குப் போட்டால் ஒன்றரை அங்குலம் சொச்சம். முக்கால் அங்குல டக் ஒன்று ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆக வருஷத்துக்கு ஒரு டக். பார்டருக்கு மேலே மூன்று பிடித்து, நீளத் தையலில் ஓட்டிவிட்டால் பிரிப்பது சுலபம்.

மகளின் பச்சைப் பாவாடையில் இந்தத் தை மாதம் முதல் டக்கைப் பிரித்தேன். துணி முழுக்க வெளுத்திருக்க, மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றிருந்த பச்சையில் பட்டையாகத் தெரிந்தது. ஜிக்ஜாக் லேஸ் வைத்து மறைத்துவிடலாம் என்று லேஸ் சுருளை எடுத்தேன். அவள் விடவில்லை. அந்தப் பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். லேஸ் பெட்டியிலேயே கிடக்கிறது.