சிலம்பக் களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் நாங்கள் பழகும் திடலுக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர், செருப்பைக் கழற்றியதும் கம்பைச் சுழற்றத்தான் ஓடுகிறார்கள். வேலூர் வெயில் ஏறுவதற்குள் பழகி முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. நிலத்தைத் தொட்டு வணங்குவதையும் ஆசானுக்கு வணக்கம் செய்வதையும் கடனே என்று முடித்துவிடுகிறார்கள். குனியும் அந்த நேரத்தில்தான் காலடியில் கல் கிடக்கிறதா, பின்னால் யார் நிற்கிறார்கள், மூங்கிலில் சிலாம்பு பெயர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணில் படும்.

இதைவிடப் பெரிய தவறு, எதிரில் நிற்பவரை எதிரியாகவே நினைப்பது. அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. என்னைவிட இளையவன் ஒருவன் கம்பின் நுனியால் என் தோளைத் தொட்டுவிட்டான். தொடுமுறையில் தொட்டாலே புள்ளி. ஓங்கி அடிக்க வேண்டிய தேவையே கிடையாது. எனக்கோ சுற்றி நின்றவர்கள் பார்த்துவிட்டார்களே என்ற ஆத்திரம். அடுத்த சுற்றில் முழு வேகத்தில் இறக்கினேன். அவனுடைய விரல் கணு நாவற்பழம் போலக் கன்றி வீங்கியது. அவன் அழவில்லை, கம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அதே இடத்தில் நின்றான். வாத்தியார் என் கம்பை வாங்கிச் சுவரில் சாத்தினார். "அவன் கை ஆறும்வரை உனக்கும் கை இல்லை" என்றார்.

மூன்று வாரம் கம்பில்லாமல் வெறும் காலடிதான், அதாவது கால் வைக்கும் முறைதான், போட்டேன். அதற்கு முன் காலடியை நான் மதித்ததே இல்லை. இரட்டைக் கம்பு எப்போது வரும் என்றே காத்திருந்தேன். இன்றும் பல பிள்ளைகள் அப்படித்தான் தாவுகிறார்கள். கால் நிலைக்காதவனுடைய வீச்சு அவனுக்கே அடங்காது. பக்கத்தில் நிற்பவர்மேல்தான் விழும். தவறி அடி பட்டுவிட்டால் உடனே கம்பைத் தாழ்த்துங்கள். அருகில் போய் அடிபட்ட இடத்தைப் பாருங்கள். "நீ ஏன் தடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளிலும் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் சேர்த்த மாதமே, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு "சான்றிதழ் எப்போது கிடைக்கும்?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் கண்ணில் ஆசான் சான்றிதழ் தருபவராகிவிடுகிறார்.

வலியை மறைப்பதுதான் மரியாதை என்று நம்பும் பிள்ளைகளும் உண்டு. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கே வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையை எல்லோர் முன்னாலும் கோழை என்று அழைக்கும் வாத்தியாரிடம் பிள்ளையை விட்டுவைக்காதீர்கள்.