ஸ்கிராட்ச்சில் காவடியை நடக்க வைப்பது எப்படி?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் எங்கள் மாலை நேரத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் வரைவதெல்லாம் காவடிதான். தென்னங்குருத்து, எலுமிச்சம்பழம், இரண்டு பக்கமும் தொங்கும் பால் செம்பு என்று எதையும் விடமாட்டார்கள். இவ்வளவு அழகாக வரைகிறவர்கள் அதைத் திரையில் நடக்கவும் வைக்கலாமே என்றுதான் ஸ்கிராட்ச்சைக் கையில் எடுத்தோம். நிரல் எழுதிப் பழக்கமே இல்லாதவர்களும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் ஓர் இடத்தில் கிட்டத்தட்ட எல்லாருமே மாட்டிக்கொள்கிறார்கள், அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஸ்கிராட்ச் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-ல் வெளியான இலவச மென்பொருள். வண்ண பிளாக்குகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அதுவே நிரல். உலாவியிலேயே செய்யலாம் என்றாலும், கணினியில் நிறுவும் செயலியைத்தான் நான் சொல்வேன். மொரீஷியசில் காவடியும் புயலும் ஒரே பருவத்தில் வருகின்றன. இணையம் போனாலும் வேலை நிற்காது. அதில் அவ்வப்போது நாமேதான் சேமிக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. மெனுவைப் பிரெஞ்சிலும் வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளலாம். எந்த மொழி வைத்தாலும் பிளாக்கின் நிறம் மாறாது என்பதால் இங்கே நிறத்தைச் சொல்லியே விளக்குகிறேன்.

1. மேடை

ஸ்கிராட்ச்சைத் திறந்ததும் மேடையில் ஒரு பூனை நிற்கும், முதலில் அதை நீக்குங்கள். பின்னணியில் கோர் தெ கார்த் மலையையும் அதன் மேல் ஏறும் கோவில் படிகளையும் வரையலாம். அந்த மலையடி ஊரான காத்ர் போர்ன் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவார்கள். மேடையின் அகலம் 480, உயரம் 360. நடுப்புள்ளி பூஜ்யம். ஆகவே இட வலமாக அளக்கும் எண்ணான எக்ஸ் இடது ஓரத்தில் -240, வலது ஓரத்தில் 240. மேலும் கீழுமாக அளப்பது ஒய்.

2. காவடி எடுப்பவர்

புதிய ஸ்பிரைட் (மேடையில் அசையும் உருவம்) ஒன்றை எடுத்து, வலப்பக்கம் பார்த்தபடி வரையுங்கள். வெக்டர் முறையிலேயே வரையுங்கள், பிட்மேப் வேண்டாம். வெக்டரில் கால் தனி, உடம்பு தனி, காவடி தனி என்று இருக்கும். காலை மட்டும் பிடித்து நகர்த்தலாம். பிட்மேப்பில் எல்லாம் ஒரே சாயமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஸ்பிரைட்டின் வெவ்வேறு படங்களைக் காஸ்ட்யூம் என்பார்கள். நடைக்கு இரண்டு காஸ்ட்யூம் போதும்: கால்கள் சேர்ந்திருப்பது ஒன்று, விரிந்திருப்பது ஒன்று. பத்துப் பன்னிரண்டு வரைந்தால்தான் நன்றாக இருக்கும் என்று ஆரம்பிக்கிற பிள்ளை பாதியிலேயே களைத்துப்போகும்.

3. எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

இரண்டாவது காஸ்ட்யூமைப் புதிதாக வரையாதீர்கள். முதலாவதன் மேல் வலது கிளிக் செய்து நகல் எடுங்கள். நகலில் ஒரு காலை மட்டும் தேர்ந்தெடுத்துச் சாய்த்தால், அது தன் நடுப்புள்ளியை வைத்துத் திரும்புவதால் இடுப்பிலிருந்து கழன்று நிற்கும். பயப்பட வேண்டாம், பிடித்து இடுப்பில் சேர்த்துவிடுங்கள். மற்றக் காலுக்கும் அப்படியே.

இப்போது உடம்பும் காவடியும் வரைபலகையில் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தொடவே கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் படம் சற்று ஓரமாக இருக்கிறதே என்று முழுவதையும் தேர்ந்தெடுத்து நடுவில் உள்ள குறிக்கு இழுக்கிறார்கள். குறிக்கு அருகில் வந்ததும் படம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். சரியாகத்தான் வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் ஒட்டுவது படத்தின் மொத்த அகலத்தின் நடு. ஒரு கால் மற்றதைவிட அதிகமாக நீண்டிருந்தால் அந்த நடுவும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். தலையும் காவடியும் எதிர்ப்பக்கம் போய்விடும். ஓடவிட்டால் காவடி முன்னும் பின்னுமாகத் துள்ளும். நிரலில்தான் தப்பு என்று நினைத்து பிளாக்குகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், துள்ளல் நிற்காது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. நிரலை ஓட்டாமல், காஸ்ட்யூம் பட்டியலில் இரண்டையும் மாறி மாறிக் கிளிக் செய்து, மேடையில் தலையை மட்டும் பாருங்கள். தலை அசையக் கூடாது, கால் மட்டும்தான் மாற வேண்டும். தலை நகர்ந்தால் வரைபலகைக்குப் போய்ச் சரிசெய்யுங்கள்.

4. நிரல்

மஞ்சளில் பச்சைக் கொடி பிளாக், மேடைக்கு மேலுள்ள பச்சைக் கொடியை அழுத்தினால் அதன் கீழுள்ளவை ஓடும். அதன் கீழ் நீலத்தில் எக்ஸ் -200, ஒய் -90 என்ற இடத்துக்குப் போகச் சொல்வது. பிறகு ஆரஞ்சில், முடிவில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக். அதற்குள் 1 அடி நகர்வது.

காலுக்குத் தனியாக இன்னொரு பச்சைக் கொடி. அதன் கீழும் முடிவில்லாத பிளாக். உள்ளே ஊதாவில் அடுத்த காஸ்ட்யூம், ஆரஞ்சில் 0.4 விநாடி காத்திருப்பது. இரண்டு கொடியும் ஒரே நேரத்தில் ஓடும். எல்லாவற்றையும் ஒரே கொடியின் கீழ் போட்டால், காத்திருக்கும் நேரமெல்லாம் உடம்பும் நின்றுவிடும். நடை வெட்டி வெட்டி வரும்.

0.4 ஏன்? ஸ்கிராட்ச்சில் இந்தச் சுற்று விநாடிக்கு 30 முறை ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு காஸ்ட்யூம் மாறுவதற்குள் உடம்பு 12 புள்ளி நகர்ந்திருக்கும், இரண்டு மாறினால் 24. காலை விரித்த படத்தில் மேடையில் பார்க்கும்போது பாதங்களுக்கு இடையே ஏறக்குறைய அந்த 24 இருந்தால் நடை இயல்பாக இருக்கும். மிகவும் குறைந்தால் பனியில் சறுக்குவது போல் ஆகிவிடும்.

5. திரும்ப வருதல்

வலது ஓரம் போனதும் காவடி மறுபடி இடமிருந்து வர வேண்டும். முதல் கொடியின் சுற்றுக்குள், நகர்வதற்குக் கீழே ஒரு 'இப்படி இருந்தால்' பிளாக்: எக்ஸ் 230-ஐத் தாண்டினால் எக்ஸை -230 ஆக்கு. ஒப்பிடும் பிளாக் பச்சையில் இருக்கும்.

பின்சேர்க்கை: மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மா, காவடி ஓரத்திலேயே நின்று காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறது என்றார். படம் முழுதாக மறைந்த பிறகு திரும்பட்டும் என்று பையன் 230-க்குப் பதில் 300 போட்டிருந்தான். ஸ்கிராட்ச் எந்த ஸ்பிரைட்டையும் மேடையை விட்டு முழுதாக வெளியேற விடாது, ஒரு துண்டு உள்ளேயே நிற்கும். அவன் படத்தின் அகலத்துக்கு எக்ஸ் 300 வரை போகவே முடியாது, நிபந்தனையும் நிறைவேறாது. முழுதாக மறைய வேண்டுமென்றால் 230 தாண்டியதும் ஊதாவில் உள்ள 'மறை', ஆரஞ்சில் சற்று நேரம் காத்திருப்பது, எக்ஸ் மாறியதும் 'காட்டு' என்று போடுங்கள். காத்திருப்பு இல்லாவிட்டால் மறைந்ததே கண்ணுக்குத் தெரியாது.

மேளம் கேட்டவர்களுக்கு: மேசையில் தட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு கொடி, முடிவில்லாத சுற்று, உள்ளே ஒலியை 'முடியும்வரை' வாசிக்கும் பிளாக். வெறுமனே தொடங்கிவைக்கும் பிளாக்கைப் போட்டால் ஒலி நொடிக்குப் பலமுறை முதலிலிருந்து ஆரம்பித்து இரைச்சலாகிவிடும்.